விகடகவியின் நீளம் எவ்வளவு?

புரோகிராமிங் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு முதல் மாதத்திலேயே ஒரு பயிற்சி வந்துவிடும். ஒரு சொல்லை வாங்கு, திருப்பிப் போடு, இரண்டும் ஒன்றா என்று சொல். ஆங்கில எழுத்தில் 'மேடம்' என்று கொடுத்தால் புரோகிராம் 'ஆம்' என்கிறது. நமக்குச் சிறுவயதிலிருந்தே தெரிந்த 'விகடகவி'யைக் கொடுத்தால் 'இல்லை' என்கிறது. திருப்பிப் போட்டதை அச்சிட்டுப் பார்த்தால் 'ிவகடகிவ' என்று வருகிறது. முதலில் ஒரு புள்ளிவட்டம், அதன்மேல் அநாதையாக ஒரு மேல்விலங்கு, அதாவது இகரக் குறி.

புரோகிராமில் தவறு இருப்பதாகத் தெரியவில்லை. விகடகவியிலும் தவறில்லை. 'எழுத்து' என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதைக் கணினி எண்ணவில்லை என்பதுதான் விஷயம். பிட், பைட், குறியாக்கம், ஸ்ட்ரிங், இண்டெக்ஸ் என்று தொடக்கப் பாடத்தில் வரும் சொற்களில் பாதியை இந்த ஒரு சொல்லை வைத்தே புரிந்துகொள்ளலாம். ஆங்கில உதாரணத்தை வைத்துப் படித்தால் இவை சரியாகப் பிரிந்து தெரியாது என்பது என் உறுதியான எண்ணம். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஓர் எண், ஓர் எண்ணுக்கு ஒரு பைட். மூன்று வேறு விஷயங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு ஒன்றுபோலவே தெரியும். தமிழில் அவை தாமாகவே விலகி நிற்கின்றன.

எண் மட்டும்தான் உண்டு

கணினியின் நினைவகத்தில் எழுத்து கிடையாது, படம் கிடையாது, பாட்டு கிடையாது. 0 அல்லது 1 என்ற இரண்டு நிலைகள் மட்டுமே. அப்படி ஓர் இடம் ஒரு பிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். எட்டு இடத்திலும் இரண்டிரண்டு வாய்ப்பு என்பதால் 2-ஐ எட்டு முறை பெருக்கி 256 வாய்ப்புகள். ஆகவே ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை ஓர் எண்ணை வைக்கலாம். 256 அதில் அடங்காது. தேர்வில் பலர் வழுக்கும் இடம் இது. 256 எண்கள் உண்டு, ஆனால் மிகப் பெரியது 255. எண்ணிக்கை 0-இலிருந்து தொடங்குகிறது.

இருநிலை எண்ணைப் படிப்பது ஒன்றும் கடினமில்லை. வலது ஓரத்து இடத்தின் மதிப்பு 1, அதற்கு இடப்பக்கம் 2, பிறகு 4, 8, 16, 32, 64, 128. எங்கெல்லாம் 1 இருக்கிறதோ அந்த மதிப்புகளைக் கூட்ட வேண்டும். 10000101 என்றால் 128, 4, 1, மொத்தம் 133. இந்த ஒரு கணக்கு கையில் பழகியிருந்தால் போதும், கீழே வருவதெல்லாம் விளங்கும்.

133 என்ற எண் ஒரு படப்புள்ளியின் சிவப்பு அளவாகவும் இருக்கலாம், ஒரு பாட்டின் துணுக்காகவும் இருக்கலாம், ஓர் எழுத்தின் பகுதியாகவும் இருக்கலாம். எது என்று அந்த பைட் சொல்லாது. படிக்கிற புரோகிராம்தான் முடிவு செய்கிறது. தப்பாக முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

எழுத்துக்கு எண் கொடுத்தவர்கள்

எழுத்தைச் சேமிக்க வேண்டுமென்றால் முதலில் எந்த எழுத்துக்கு எந்த எண் என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரு பட்டியல் வேண்டும். 1963-இல் வந்த ஆஸ்கி அப்படி ஒரு பட்டியல். 7 பிட், அதாவது 128 இடங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் 65-இலிருந்தும், சிறிய எழுத்துகள் 97-இலிருந்தும் தொடங்கும். இடைவெளிக்கு 32. தமிழுக்கு அதில் இடமே இல்லை.

இடமில்லாததால் வந்த குறுக்குவழிதான் பாமினி போன்ற எழுத்துருக்கள். இலங்கைத் தமிழ் அச்சகங்களிலும் புலம்பெயர்ந்தோர் பத்திரிகைகளிலும் பாமினி நெடுங்காலம் கோலோச்சியது. அதில் விகடகவி என்று தட்டினால் கோப்பில் சேர்வது ஆங்கிலச் சிற்றெழுத்துகளான டி, பி, எஃப், எல், எஃப், டி, பி. எண்ணில் சொன்னால் 116, 112, 102, 108, 102, 116, 112. அந்த எண்ணுக்கு ஆங்கில வடிவத்தை வரைவதற்குப் பதிலாகத் தமிழ் வடிவத்தை எழுத்துரு வரைந்தது, அவ்வளவுதான். எழுத்துருவை மாற்றினால் தமிழ் போய்விடும். தேடுபொறிக்கு அது தமிழாகவே தெரியாது. தரவு வேறு, அதன் தோற்றம் வேறு என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பாமினிக் கோப்பில் தோற்றம் மட்டும்தான் தமிழ். தரவு ஆங்கிலம்.

1991-இல் முதல் பதிப்பு வந்த யூனிகோட் இதை மாற்றியது. உலக எழுத்துகள் எல்லாவற்றுக்கும் ஒரே பட்டியல், ஒவ்வொன்றுக்கும் தனி எண். அந்த எண்ணை இங்கே குறியெண் என்று சொல்கிறேன். தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன, எல்லாம் நிரம்பவில்லை. அ 2949, க 2965, ட 2975, வ 2997.

தமிழ் எழுத்து 247 ஆயிற்றே, 128 இடத்தில் எப்படி அடங்கும்? உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுக்கவில்லை. உயிருக்கு எண், அகர உயிர்மெய்க்கு எண், பிறகு துணைக்கால், கொம்பு, புள்ளி போன்ற குறிகளுக்குத் தனித்தனி எண். துணைக்கால் 3006, மேல்விலங்கு 3007, புள்ளி 3021. 'வி' என்பது 2997, அதன் பின்னால் 3007. நம் இலக்கணத்தில் க் என்ற மெய்யோடு அ சேர்ந்தால் க. யூனிகோடில் தலைகீழ்: க-வோடு புள்ளி சேர்ந்தால் க். இலக்கணம் படித்தவர்களுக்கு இது உறுத்தும், நியாயமான உறுத்தல்தான். ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் டேஸ்16 என்ற முறையையும் யூனிகோடோடு சேர்த்துத் தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்றது. ஆனால் இணையமும் கைப்பேசியும் யூனிகோடில்தான் ஓடுகின்றன. அதைத்தான் கற்றாக வேண்டும்.

இப்போது விகடகவியைக் குறியெண்களாக எழுதிப் பாருங்கள்: 2997, 3007, 2965, 2975, 2965, 2997, 3007. கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஏழு எண். கடைசியிலிருந்து படித்தால் 3007 முதலில் வருகிறது, 2997 இரண்டாவதாக. மேல்விலங்கு தன் வகரத்தை விட்டுப் பிரிந்து முன்னால் வந்து நிற்கிறது. அதைத் தாங்க முன்னால் எழுத்து இல்லாததால் புள்ளிவட்டத்தின்மேல் உட்கார்ந்துவிட்டது. நடுவில் இருந்த ககரத்துக்கோ, அதற்குச் சொந்தமில்லாத மேல்விலங்கு ஒட்டிக் 'கி' ஆகிவிட்டது.

எண்ணைப் பைட்டில் மடித்து வைப்பது

2965 ஒரு பைட்டில் அடங்காது. பல பைட்டுகளில் எப்படிப் பிரித்து வைப்பது என்ற விதிதான் குறியாக்கம். யூனிகோட் என்பது எண்களின் பட்டியல், யுடிஎஃப்-8 என்பது அந்த எண்களைப் பைட்டாக்கும் விதி. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதுதான் இந்தப் பாடத்தில் மிகப் பரவலான குழப்பம்.

யுடிஎஃப்-8-ஐ கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-இல் வடிவமைத்தார்கள். விதி அழகானது. 128-க்குக் கீழே உள்ள எண் என்றால் அப்படியே ஒரு பைட். அதனால் பழைய ஆஸ்கிக் கோப்புகள் எல்லாம் மாற்றமின்றிச் செல்லும். 2048 முதல் 65535 வரையிலான எண்களுக்கு மூன்று பைட். தமிழ் எழுத்துகள் எல்லாம் இந்த எல்லைக்குள் வருகின்றன. பெரும்பாலான இமோஜிகளுக்கு நான்கு.

ககரத்தைக் கையால் மடித்துப் பார்ப்போம். காகிதம் எடுத்துச் செய்வது நல்லது.

2965-ஐ இருநிலையில் எழுதினால் 101110010101. (2048, 512, 256, 128, 16, 4, 1; கூட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.) பன்னிரண்டு இலக்கம். முன்னால் நான்கு சுழியம் சேர்த்துப் பதினாறாக்கி, 4, 6, 6 என்று வெட்டுங்கள்: 0000, 101110, 010101. முதல் துண்டின் முன்னால் 1110, மற்ற இரண்டின் முன்னாலும் 10. கிடைப்பது 11100000, 10101110, 10010101. பதின்மத்தில் 224, 174, 149. வட்டில் 'க' என்று எழுதப்படுவது இந்த மூன்று எண்தான்.

அந்த முன்னொட்டுகள் காரணமில்லாமல் வைக்கப்படவில்லை. 1110 என்றால் 'இங்கே ஓர் எழுத்து தொடங்குகிறது, மொத்தம் மூன்று பைட்' என்று பொருள். 10 என்றால் 'நான் நடுப்பகுதி, தொடக்கம் எனக்கு முன்னால் இருக்கிறது'. அதனால் கோப்பின் எந்த இடத்தில் குதித்து விழுந்தாலும், 128-க்கும் 191-க்கும் இடைப்பட்ட பைட்டில் இருந்தால் பின்னால் நகர்ந்து எழுத்தின் தொடக்கத்தைப் பிடித்துவிடலாம். அதிகபட்சம் மூன்று பைட் நகர்ந்தால் போதும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஆங்கிலமும் தமிழும் கலந்த யுடிஎஃப்-8 உரையில் 'ஆயிரமாவது எழுத்தைக் கொடு' என்றால் நேராகப் போக முடியாது. சில எழுத்து ஒரு பைட், சில மூன்று என்பதால் தொடக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டே போக வேண்டும். எல்லா உறுப்பும் ஒரே அகலம் கொண்ட அரேயில், அதாவது அணியில், ஆயிரமாவது இடத்தின் முகவரியை ஒரே பெருக்கலில் கணக்கிடலாம். உரையின் நீளத்தோடு வேலையும் வளர்வது முதல் வகை, நீளம் எவ்வளவானாலும் வேலை மாறாதது இரண்டாம் வகை. அல்காரிதம் பாடத்தில் சிக்கல்தன்மை என்ற பெயரில் வருவது இந்த வித்தியாசம்தான். பைத்தான் 3.3-இலிருந்து இந்த விலையைத் தவிர்க்க, ஒரு ஸ்ட்ரிங்கில், அதாவது எழுத்துத் தொடரில், உள்ள மிகப் பெரிய குறியெண்ணைப் பார்த்து எல்லா இடத்துக்கும் 1, 2 அல்லது 4 பைட் என்று ஒரே அகலம் ஒதுக்குகிறது. தமிழ் ஸ்ட்ரிங் என்றால் இடத்துக்கு 2 பைட். அதில் ஓர் இமோஜியைச் சேர்த்தால் மொத்த ஸ்ட்ரிங்கும் 4-க்குத் தாவும்.

ஆக, நீளம் எவ்வளவு?

எந்த அளவுகோலில் என்று கேட்க வேண்டும். விகடகவி கண்ணுக்கு 5, குறியெண்ணில் 7, யுடிஎஃப்-8 பைட்டில் 21. பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் 7 என்று சொல்லும். கோ மொழியும் ரஸ்டும் 21 என்கும். சி மொழியில் நீளம் சொல்லும் ஸ்டர்லென்னும் அப்படியே. ஸ்விஃப்ட் 5 என்று சொல்லும். யாரும் பொய் சொல்லவில்லை.

இது தேர்வுக்கான நுணுக்கம் மட்டும் அல்ல, பணம் போகிற இடம். ஒரு எஸ்எம்எஸ்ஸில் 140 பைட் இடம். ஆங்கிலம் என்றால் எழுத்துக்கு 7 பிட் வீதம் அடுக்கி 160 எழுத்து. தமிழ் வந்தால் வழக்கமாக எழுத்துக்கு 16 பிட். 140-ஐ 2-ஆல் வகுத்தால் 70. கவனியுங்கள், 70 குறியெண், 70 எழுத்து அல்ல. அதைத் தாண்டினால் செய்தி துண்டாகும். துண்டுகளை ஒட்டும் தலைப்புக்கு 6 பைட் போக, ஒரு துண்டுக்கு 67 மட்டுமே. நூறு எழுத்து ஆங்கிலச் செய்தியின் கடைசியில் ஒரே ஒரு தமிழ் எழுத்தைச் சேர்த்தால் மொத்தச் செய்தியும் 16 பிட்டுக்கு மாறி, ஒரு எஸ்எம்எஸ் இரண்டாகிவிடும்.

டேட்டாபேஸிலும் இதே கதை. பெயர்க் களத்துக்கு 30 என்று அளவு வைக்கிறோம். 30 எது? மைஎஸ்க்யூஎல்லிலும் போஸ்ட்கிரெஸ்ஸிலும் வார்கேர் என்ற உரைக் கள வகைக்கு 30 என்று கொடுத்தால் 30 குறியெண். ஆரக்கிளில் வேறெதுவும் சொல்லாவிட்டால் 30 பைட். 'கிருஷ்ணமூர்த்தி'யை எடுத்துக்கொள்ளுங்கள்: 8 எழுத்து, 15 குறியெண், 45 பைட். முதலிரண்டில் வசதியாக உட்காரும், ஆரக்கிள் பிழை சொல்லி மறுத்துவிடும். மறுப்பதே மேல். நிலையான அகலத்தில் கோப்பு எழுதும் பழைய புரோகிராம்கள் சொல்லாமல் கொள்ளாமல் வெட்டிவிடும். 30-ஆவது பைட்டில் வெட்டினால் 'கிருஷ்ணமூர' என்று நிற்கும். 32-இல் வெட்டினால் புள்ளியின் மூன்று பைட்டில் இரண்டு மட்டும் தங்கி, அது எந்த எழுத்தும் ஆகாமல், கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறியாகத் தோன்றும்.

தமிழ் உடைந்து தெரிந்தால்

உடைந்த விதத்தைப் பார்த்தே நோய் எது என்று சொல்லிவிடலாம். இதைத் தெரிந்து வைத்திருப்பது அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுப் பெட்டிகள் என்றால் தரவு பத்திரமாக இருக்கிறது, அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றை நிறுவினால் போதும். தனியே நிற்கும் புள்ளிவட்டம் என்றால் ஒரு குறி தன் மெய்யை இழந்திருக்கிறது, எங்கோ குறியெண்களுக்கு நடுவே வெட்டியிருக்கிறீர்கள். கறுப்புச் சாய்சதுரம் என்றால் பைட்டுகளுக்கு நடுவே வெட்டு விழுந்திருக்கிறது, அல்லது யுடிஎஃப்-8 அல்லாத கோப்பை யுடிஎஃப்-8 என்று படித்திருக்கிறீர்கள்.

வரிசையாக வெறும் கேள்விக்குறிகள் என்றால்தான் கவலை. தமிழைத் தாங்காத ஒரு குறியாக்கத்துக்கு மாற்றும்போது, மாற்ற முடியாத ஒவ்வொன்றுக்கும் கேள்விக்குறி எழுதப்பட்டுவிட்டது. மூல எண் போய்விட்டது, மீட்க வழியில்லை. மைஎஸ்க்யூஎல் 5.7 வரை இயல்பான எழுத்துத் தொகுதி, மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1. அதை மாற்றாமல் தொடங்கிய டேபிள்களில் இது நடக்கலாம். 8.0-இலிருந்து இயல்பாகவே யுடிஎஃப்8எம்பி4. பழைய பதிப்பில் வெறும் 'யுடிஎஃப்8' என்று தேர்ந்தெடுத்தால் மூன்று பைட்டோடு நின்றுவிடும். தமிழ் அடங்கும், இமோஜி அடங்காது.

மிக அதிகமாகக் கண்ணில் படுவது இன்னொன்று. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சிற்றெழுத்து ஏ, அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், பிறகு ஏதோ ஒன்று. இந்த மூன்றும் திரும்பத் திரும்ப வரும். ககரத்தின் 224, 174, 149 நினைவிருக்கிறதா? விண்டோஸ்-1252 என்ற ஒரு பைட் குறியாக்கத்தில் 224 என்பது அந்தக் கோடு போட்ட ஏ, 174 வட்டத்து ஆர், 149 ஒரு கரும்புள்ளி. தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 224-இல் தொடங்கி 174 அல்லது 175-இல் தொடர்வதால்தான் அதே முகங்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. பைட்டுகள் கெடவில்லை. படித்த விதம்தான் தப்பு. அந்த நிலையில் சேமிக்காமல் மூடிவிட்டு, யுடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்தால் சரியாகிவிடும். எக்செல்லில் சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், டேட்டா பட்டியிலிருந்து உரைக்கோப்பாக இறக்கி, 65001 யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

எக்செல்லுக்காகக் கோப்பின் தலையில் 239, 187, 191 என்ற மூன்று பைட் அடையாளத்தைச் சேர்ப்பதும் உண்டு. சேர்த்தால் எக்செல் சரியாகத் திறக்கும். ஆனால் அதே கோப்பைப் பைத்தானில் வெறும் யுடிஎஃப்-8 என்று படித்தால், முதல் தலைப்பான 'பெயர்' என்பதன் முன்னால் கண்ணுக்குத் தெரியாத 65279 என்ற குறியெண் ஒட்டிக்கொள்ளும். 'பெயர்' என்ற நெடுவரிசை இல்லை என்று புரோகிராம் அடம்பிடிக்கும், அச்சிட்டுப் பார்த்தால் இருப்பதுபோலவே தெரியும். யுடிஎஃப்-8-சிக் என்று குறியாக்கத்தைக் கொடுத்தால் அந்த அடையாளம் நீங்கிவிடும்.

பைத்தானையும் விண்டோஸையும் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கோப்பைத் திறக்கும்போது குறியாக்கத்தைச் சொல்லாவிட்டால், பெரும்பாலான பதிப்புகள் கணினியின் மொழி அமைப்பைப் பார்த்துத் தாமே முடிவு செய்கின்றன. பல கணினிகளில் அது 1252. அங்கே 'விகடகவி' உள்ள கோப்பு பிழை எதுவும் இல்லாமல் திறக்கும், குப்பையாகத் தெரிந்தாலும். 'அம்மா' உள்ள கோப்பு பிழை காட்டி நின்றுவிடும். காரணம் புள்ளி. அதன் மூன்று பைட்டுகள் 224, 175, 141. விண்டோஸ்-1252 பட்டியலில் 141-ஆம் இடம் காலி. உகரக் குறியின் கடைசி பைட் 129, ஏ என்ற உயிரெழுத்துக்கு 143, ஐ என்ற உயிரெழுத்துக்கு 144, இவையும் காலியிடங்கள். சில வரியில் ஓடுகிறது, சில வரியில் நிற்கிறது என்ற புதிரான பிழைக்கு இதுவே விடை. சோதனைக்கு எடுத்த சொல்லில் புள்ளியோ உகரமோ இல்லாவிட்டால் பிழை ஒளிந்துகொள்ளும். கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு வரியிலும் குறியாக்கத்தை வெளிப்படையாக எழுதும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

ஒன்றுபோல் தெரிவது ஒன்றல்ல

ஸ்ட்ரிங் இரண்டு சமமா என்று கேட்டால் கணினி எண்களை ஒப்பிடும், வடிவத்தை அல்ல. 'கொ' என்பதை ககரமும் 3018-உம் என்றும் எழுதலாம். ககரம், ஒற்றைக்கொம்பு 3014, துணைக்கால் 3006 என்றும் எழுதலாம். திரையில் எள்ளளவும் வித்தியாசம் இல்லை. ஒப்பிட்டால் சமமில்லை. இதைத் தீர்க்க யூனிகோடே இயல்பாக்கம் என்று ஒரு வழி தருகிறது. என்எஃப்சி என்ற வகை இரண்டையும் 3018 உள்ள வடிவத்துக்குக் கொண்டுவரும். பயனர் தட்டச்சு செய்தது டேட்டாபேஸுக்குள் போகும் முன்பே, வாசலிலேயே, இதைச் செய்துவிட வேண்டும்.

இயல்பாக்கமும் காப்பாற்றாத இடம் ஒன்று உண்டு: 'ஔவையார்', 'ஒளவையார்'. முதலாவது ஔ என்ற ஒரே குறியெண்ணில் தொடங்குகிறது. இரண்டாவது ஒகரமும் ளகர மெய்யெழுத்தின் அகர வடிவமும். தட்டச்சில் ஔ எங்கே என்று தெரியாமல் இப்படி அடித்துவிடுகிறார்கள், இணையத்தில் ஏராளம். யூனிகோடின் பார்வையில் இவை வெவ்வேறு எழுத்துகள், பிழையான எழுத்துக்கூட்டல். ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. 'கௌரி', 'கெளரி' விவகாரமும் இதேதான். இதற்கு நீங்களே விதி எழுதித் திருத்த வேண்டும், அதுவும் எச்சரிக்கையாக: 'கெளுத்தி'யில் உள்ளது உண்மையான ளகரம், அதைத் தொட்டுவிடக் கூடாது.

அகரவரிசையைப் பற்றிச் சுருக்கமாக. மகன், மதி, மரம், மலர், மழை, மறை, மனம் என்பது நம் வரிசை. வெறும் குறியெண்ணை வைத்து அடுக்கினால் மகன், மதி, மனம், மரம், மறை, மலர், மழை என்று வரும். பட்டியலில் னகரம் 2985, ரகரம் 2992, றகரம் 2993, லகரம் 2994, ழகரம் 2996. அடுக்கும் அல்காரிதத்தில் குறையில்லை. எது முந்தியது என்று சொல்லும் ஒப்பீட்டு ஃபங்ஷனை மாற்ற வேண்டும். பல மொழி உரைகளைக் கையாளும் ஐசியு நூலகத்திலோ, ஜாவாஸ்கிரிப்டில் சொற்களை ஒப்பிட்டுத் தரும் கொலேட்டரிலோ தமிழ் என்று குறிப்பிட்டால் போதும். நீங்களாக எழுத வேண்டாம். புள்ளி வைத்த மெய் அகர உயிர்மெய்க்கு முன் வர வேண்டும் என்பதுபோல் இன்னும் பல விதிகள் அதில் உண்டு.

மீண்டும் விகடகவி

இனி அந்தப் பயிற்சியைச் சரியாக எழுதலாம். திருப்புவதற்கு முன் ஸ்ட்ரிங்கை எழுத்துகளாகப் பிரிக்க வேண்டும்.

ஒரு வெற்று லிஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லின் குறியெண்களை இடமிருந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். அது 3006 முதல் 3021 வரைக்குள் இருந்தாலோ, 3031 ஆக இருந்தாலோ அது சார்ந்து நிற்கும் குறி. லிஸ்டின் கடைசி உறுப்போடு ஒட்டுங்கள். இல்லாவிட்டால் அது புதிய எழுத்து; லிஸ்டில் புதிய உறுப்பாகச் சேருங்கள். லிஸ்ட் வெறுமையாக இருக்கும்போதே ஒரு குறி வந்தால் ஒட்டுவதற்கு எதுவும் இல்லை, புரோகிராம் விழுந்துவிடும். அந்த நிலையையும் ஒரு நிபந்தனையால் பிடித்து, குறியைத் தனி உறுப்பாகச் சேர்த்துவிடுங்கள். சரியான தமிழ்ச் சொல் அப்படித் தொடங்காது, ஆனால் பயனர் எதையும் ஒட்டுவார்.

விகடகவியில் ஓட்டிப் பாருங்கள். 2997 வருகிறது, புதிய உறுப்பு: வ. 3007 வருகிறது, ஒட்டு: வி. 2965, புதியது. 2975, புதியது. 2965, புதியது. 2997, புதியது. 3007, ஒட்டு. லிஸ்டில் வி, க, ட, க, வி. ஏழு சுற்று, ஐந்து உறுப்பு.

திருப்பி இன்னொரு லிஸ்ட் செய்யத் தேவையே இல்லை. லிஸ்டில் இடத்தைச் சொல்லும் எண்ணான இண்டெக்ஸ் இரண்டு போதும். ஒன்று 0-இல், மற்றது கடைசியில். ஐந்து உறுப்பு என்றால் கடைசி இண்டெக்ஸ் 4. 5 என்று எழுதினால் எல்லையைத் தாண்டிய பிழை வரும். இரண்டு இடத்திலும் உள்ளது ஒன்றா என்று பாருங்கள். வேறென்றால் உடனே 'இல்லை' என்று திரும்பிவிடலாம். ஒன்றென்றால் முதலாவதைக் கூட்டி, இரண்டாவதைக் குறைத்து, அவை சந்திக்கும் வரை தொடருங்கள். 0-உம் 4-உம் வி. 1-உம் 3-உம் க. 2-இல் இரண்டும் சந்தித்துவிட்டன, நடு எழுத்தைத் தன்னோடு ஒப்பிட வேண்டியதில்லை. இரண்டே ஒப்பீடு. விடை: ஆம்.

இதையே பைத்தானின் ஓப்பன்-தமிழ் நூலகமும் ஜாவாஸ்கிரிப்டின் செக்மென்ட்டரும் செய்து தருகின்றன. ஆனால் ஒருமுறை கையால் எழுதிய பிறகு அவற்றைப் பயன்படுத்துங்கள். ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது உரையில் தேட வேண்டிய வடிவத்தைச் சொல்லும் குறிப்பு, வைத்துச் சொல் பிரிக்கப் பார்ப்பவர்கள் கவனிக்க: பைத்தானின் இயல்பான தொகுப்பில், சொல்லெழுத்தைக் குறிக்கும் பின்சாய்கோடு-டபிள்யூ புள்ளியையும் துணைக்காலையும் எழுத்தாக எடுத்துக்கொள்ளாது. 'அம்மா' அதில் 'அம', 'ம' என்று இரண்டு சொல்லாக உடையும். தமிழுக்கு 2944 முதல் 3071 வரை என்று எல்லையையே கொடுத்துவிடுங்கள்.

எழுதி முடித்ததும் 'குடகு' கொடுத்துப் பாருங்கள், 'ஆம்' வர வேண்டும். 'அம்மா' கொடுத்தால் 'இல்லை' வர வேண்டும். பிறகு 'தேரு வருதே' என்று இரண்டு சொல்லாகக் கொடுங்கள். எழுத்துப்படி அது இருபுறமும் ஒன்றுதான், ஆனால் புரோகிராம் 'இல்லை' என்கும். லிஸ்டில் ஆறு உறுப்பு இருக்கும். மூன்றாவது ஒப்பீட்டில் இண்டெக்ஸ் 2-இல் 32 என்ற குறியெண், இண்டெக்ஸ் 3-இல் வகரம். எந்த வரியில் எதைச் சேர்த்தால் சரியாகும் என்பதை நீங்களே எழுதிப் பாருங்கள்.